குடலடைப்பா என்று கேட்டு அனுப்பினோம்

செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. மாடிப்படி திரும்பியதும் நான் முதலில் பார்த்தது ஸ்கேன் டாக்டரை. தன் அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் உறை. அதில் ஜெல் காயாமல் மின்னியது. பரிசோதனையைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வருகிற ஆள் இல்லை அவர்.

எங்கள் மேடத்தைக் கூப்பிடச் சொன்னார். கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுப்பதென்றால் சட்டப்படி முதலில் படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாமல் ஒரு கர்ப்பிணியை அனுப்பியிருக்கிறீர்கள், இதற்கு மேல் நான் கருவியை வைக்க மாட்டேன் என்றார்.

நாங்கள் கர்ப்பிணி யாரையும் அனுப்பவில்லை. ரேவதியை அனுப்பியிருந்தோம். சீட்டில் மேடம் எழுதியிருந்தது ஒரே கேள்வி: குடலடைப்பா?

போன மாதம் பிராஜக்தா தொலைபேசியில் கேட்டதால் இதையெல்லாம் எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அவள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள அவளுடைய நோயாளிகளில் மூன்று பெண்கள் இப்போது கர்ப்பமாக இருக்கிறார்களாம். எந்த மாதத்தில் எப்படிப் படுக்கவைப்பது, எதை நிறுத்துவது என்பதற்குப் புத்தகத்தில் அரைப் பக்கம்தான் இருக்கிறது, உங்களிடம் முதலில் கர்ப்பமான பெண்ணுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு யோசித்தால், தலையணை எங்கே வைத்தோம் என்பதை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து மராத்தி பேசும் இந்த ஊருக்கு வந்து கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். கல்லூரியில் இடம் கிடைக்கும் வரை நான் ஓராண்டு ஒரு ஆங்கில நாளிதழில் பிழை திருத்தினேன். யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. பிறகு பிசியோதெரபி படித்தேன். குழந்தைகள் நெஞ்சுநோய்ப் பிரிவில் வேலை கிடைத்தது. கடைசி வரை அங்கேயே இருந்தேன்.

இந்த நோயில், செல்களில் உப்பும் நீரும் போய்வரும் வழி பிறவியிலேயே பழுதாக இருக்கும். உடம்பில் சுரப்பதெல்லாம் கெட்டியாகிவிடும். நுரையீரலில் சளி கோந்து மாதிரி ஒட்டும். கணையம் அடைத்துக்கொள்ளும், தின்ற கொழுப்பு செரிக்காது. வியர்வையில் உப்பு மிகும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று பழுதான மரபணு இரண்டும் சேர்ந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் இருப்பவர்கள் அது தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுவார்கள். நம் நாட்டில் இப்படி ஒரு நோயே இல்லை என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். இருமுகிற, எடை ஏறாத குழந்தைக்குக் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். எங்களிடம் வந்தவர்களில் பலர் அந்த மருந்தை முடித்துவிட்டு வந்தவர்கள்.

பெரியவர்களுக்கென்று தனி கிளினிக் இல்லை. இந்தக் குழந்தைகள் பெரியவர்கள் ஆவார்கள் என்று யாரும் திட்டமிடவில்லை. அதனால் கல்லூரிக்குப் போகிற பெண்ணும் செவ்வாய்க்கிழமைகளில் முயல் படம் வரைந்த சுவருக்குக் கீழே, முழங்கால் மார்பில் இடிக்கிற குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ரேவதி கல்யாணமாகிக் கழுத்தில் தாலியோடு வந்தபோதும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த வாண்டு அவளைப் பார்த்து, உன் குழந்தை எங்கே என்று மராத்தியில் கேட்டது. நானேதான் குழந்தை என்றாள் ரேவதி.

மேடம் என்று நான் சொல்வது டாக்டர் சுமித்ராவை. ஊரின் பழைய பகுதியான சதாசிவ பேட்டைக்காரர், வார்த்தையை வீணாக்க மாட்டார், குரலை உயர்த்தவும் மாட்டார். நோயாளி உள்ளே வந்ததும் ஃபைலைத் திறப்பது அவர் வழக்கமில்லை. 'காய் கால்லஸ்?' என்பார். என்ன சாப்பிட்டாய்? மராத்தி தெரியாத குடும்பங்களுக்கும் அந்த ஒரு கேள்வி தெரியும். பதிலை முழுக்கக் கேட்பார். சப்பாத்தியில் நெய் தடவினாயா, செரிமான மாத்திரையை முதல் வாய்க்கு முன்னால் போட்டாயா, பின்னாலா என்பது வரை போவார். நெய்யைக் குறைத்த அம்மாக்கள்தான் அவரிடம் திட்டு வாங்குவார்கள். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். நின்றுகொண்டுதான் எனக்குத் தெரியாது என்று சொல்வார். பிறகு 'பகூயா' என்பார். பார்ப்போம் என்று பொருள். அந்தச் சொல்லை அவர் சொல்லிக் கேட்டால் நிஜமாகவே பார்ப்பார் என்று நம்பலாம்.

அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று கிளினிக்கில் இருந்தது. எந்த நோயாளியாவது ஒரு கிலோ ஏறினால் அன்று எல்லோருக்கும் பேடா, ஏலக்காய் போட்ட பால் இனிப்பு. மற்ற டாக்டர்களிடம் எடை ஏறினால் ஏன் என்று கேட்பார்கள். எங்களிடம் இறங்கினால்தான் கேள்வி. பேடா வருகிற செவ்வாய்கள் அபூர்வம். மாதக்கணக்கில் வராது. வந்த அன்று ஏறினவரே டப்பாவை ஏந்திக்கொண்டு வார்டு முழுக்கச் சுற்றி வர வேண்டும். தூக்கமில்லாத அம்மாக்கள், ஆயாக்கள், பக்கத்து அறை ஆர்தோ டாக்டர் வரை எடுத்துக்கொள்வார்கள். இன்று நினைத்தால் அந்தப் பிரிவின் வாசனையாக எனக்கு நினைவு வருவது மருந்து இல்லை, அந்த ஏலக்காய் வாசனைதான்.

ரேவதி ஆறு வயதில் எங்களிடம் வந்தாள். வீடு ஏரவாடாவில். அப்பா ஒரு மரக்கடையில் வேலை, அம்மா நாலு வீட்டில் சமையல். அதனால் கிளினிக்குக்கு அழைத்து வருவது அத்தை தனலட்சுமி, அப்பாவின் தங்கை. கிர்க்கியிலிருந்து பஸ்ஸில் போய் அவளைக் கூட்டிக்கொண்டு இன்னொரு பஸ் பிடித்து வருவார். என்னை சிஸ்டர் என்பார். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி விட்டுவிட்டேன்.

நெஞ்சைத் தட்டிச் சளி எடுப்பதை அத்தைக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கையைக் கிண்ணம் போலக் குவித்து, மணிக்கட்டைத் தளர்த்தி, முதுகிலும் விலாவிலும் தட்ட வேண்டும். சத்தம் தூரத்தில் குதிரை ஓடுவது மாதிரி கேட்க வேண்டும். அறைகிற சத்தம் வந்தால் கை தட்டையாகிவிட்டது என்று பொருள். நுரையீரலின் அடிப்பகுதிக்கு இடுப்பை உயர்த்தித் தலையைத் தாழ்த்திப் படுக்கவைப்போம். நடுப்பகுதிக்கு ஒருக்களித்து, மேல்பகுதிக்கு உட்காரவைத்து. தட்டி முடித்ததும் மூன்று ஆழ்ந்த மூச்சு. பிறகு வாயை வட்டமாகத் திறந்து, கண்ணாடியில் ஆவி படியவைப்பது போல ஊதல். சளி மேலே வந்ததும் ஒரே ஒரு இருமல். துப்பியதன் நிறத்தைப் பார்ப்போம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, காய்ச்சலிலும் தீபாவளியிலும் விடாமல். வாரத்தில் ஒரு நாள் என் மேஜை, மற்ற நாளெல்லாம் அத்தையின் கை. பள்ளிக்கூட நாட்களில் அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

அந்தக் கைப் பழக்கத்தில்தான் கல்யாணமும் நடந்தது என்று சொல்லலாம். வெளியில் யாரும் கட்டமாட்டார்கள் என்று ஆனபோது, தன் மகன் கார்த்திக்குக்கே கட்டிவைத்தார். விமான் நகரில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேஜையில் அவனுக்கு வேலை. சின்ன வயதிலிருந்து அவள் முதுகில் தட்டத் தெரிந்தவன். பத்திரிகை கொடுக்க வந்த குடும்பத்தை மேடம் உட்காரவைத்துப் பேசினார். சொந்தத்தில் கட்டுவதால் கார்த்திக்கிடமும் அதே மரபணு இருக்கலாம், குழந்தை பற்றி யோசிப்பதற்கு முன்னால் அவன் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்றார். ஆனால் குழந்தைக்கு வாய்ப்பு குறைவு என்றும் சொன்னார். நுரையீரலில் இருக்கிற அதே கெட்டிச் சளி கருப்பையின் வாயிலும் இருக்கும், வழி அடைபட்டிருக்கும், உடம்பும் மெலிவு, மாதவிலக்கும் ஒழுங்கில்லை.

அத்தை அதற்குச் சொன்ன பதிலை நான் மராத்தியில் சொன்னதும் மேடமே சிரித்துவிட்டார். "பேரப்புள்ளைக்கு இன்னா பஞ்சம்? என் பொண்ணுக்கு ரெண்டு கீது. ரெண்டும் என்ன உக்கார உட்றதில்ல."

மேடம் சொன்னது குறைவு என்று. எங்கள் கிளினிக்கில் அதுவரை ஒரு பெண்ணும் கருத்தரித்ததில்லை. அதனால் குறைவு என்பது இல்லை என்றே எல்லோர் மனதிலும் பதிந்தது, எங்களையும் சேர்த்து. கார்த்திக்கின் ரத்தச் சோதனை தள்ளிப்போயிற்று.

அப்புறம் மாத்திரை வந்தது. சளியைக் கரைக்கிற மருந்து இல்லை இது. பழுதான அந்த வழியையே திறந்துவிடுகிற மருந்து. வெளிநாட்டிலிருந்து, நோயாளியின் பெயரில் தனித்தனியாக, ஒரு அறக்கட்டளையின் உதவியோடு வரவழைத்தோம். காலையில் இரண்டு, இரவில் ஒன்று. கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் உடம்பில் சேரும் என்பதால், முதல் நாள் வார்டிலேயே வைத்துக் கொடுத்தோம். அத்தை இந்த ஊர் ரவா கேசரியான ஷீராவை நெய் வழியக் கொண்டுவந்தார்.

மதியத்துக்குள் ஆரம்பித்தது. நான் கை வைக்காமலே சளி வந்தது. கிண்ணத்தை மாற்றி மாற்றி வைத்தோம். அவள் இருமினாள், துப்பினாள், களைத்தாள், மறுபடி இருமினாள். சாயங்காலம் வாக்கில் நின்றது. ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்ட மேடம் நீண்ட நேரம் அதை எடுக்கவே இல்லை. பிறகு என்னிடம் கொடுத்தார். அத்தனை வருடமாக நான் கேட்ட கரகரப்பு இல்லை. காற்று போய் வருகிற சத்தம் மட்டும் இருந்தது. கார்த்திக் ஏதோ சொல்லி அவளைச் சிரிக்கவைத்தான். ரேவதியின் சிரிப்பு இருமலில் முடியாமல் சிரிப்பாகவே முடிந்ததை அன்றுதான் முதலில் கேட்டேன்.

அதன் பிறகு வந்தவை நல்ல செவ்வாய்கள். அவளுக்கு எடை ஏறியது. பேடா வந்தது. மறுபடி ஏறியது, மறுபடி பேடா. வளையல் இறுக்கமாகிவிட்டது என்று கழற்றிக் காட்டினாள். மாடிப்படியில் ஏறி வருவாள். என் மேஜையில் வேலையே இல்லாமல் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போன நாட்களும் உண்டு. நுரையீரல் சளியை இளக்குகிற மாத்திரை கருப்பை வாய்ச் சளியையும் இளக்கும் என்பதை யாரும் எடுத்துப் பேசவில்லை. அது குழந்தைகள் கிளினிக். குடும்பக் கட்டுப்பாடு பற்றி ஒரு நோயாளியிடம் கேட்கிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

குமட்டல் என்றாள். அந்த மாத்திரைக்குக் குமட்டல் உண்டு, கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார் மேடம். மாதவிலக்கு வரவில்லை என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு அது இரண்டு மாதம் மூன்று மாதம் வராமல் இருப்பது புதிதில்லை. வயிற்றில் குறுகுறுப்பு என்றாள். இந்த நோயில் குடலில் மலம் கெட்டியாகி அடைத்துக்கொள்வது சகஜம். வயிற்றில் எது நடந்தாலும் முதலில் குடலைத்தான் சந்தேகிப்போம்.

நான் முதலில் சொன்ன அந்தச் செவ்வாயும் எடை ஏறியிருந்தது. பேடா டப்பா மேஜையில் திறந்திருந்தது. நான் அவளைத் தலைதாழ்த்திப் படுக்கவைத்ததும் நெஞ்சு எரிகிறது, கசப்புத் தண்ணீர் வருகிறது என்று எழுந்துவிட்டாள். மேடம் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். தொப்புளுக்குக் கீழே உருண்டையாக, கெட்டியாக இருந்தது. சீட்டு எழுதினார். நான்தான் ஸ்கேன் அறையில் அவளை விட்டுவிட்டு வந்தேன். மறுபடி பார்க்கப் போனபோது டாக்டர் வெளியே நின்றார்.

படிவம் நிரப்பினோம். ஸ்கேன் தொடர்ந்தது. நான்கு மாதம்.

திரும்பி வந்து மேடம் நாற்காலியில் உட்கார்ந்து டப்பாவைப் பார்த்தார். "கடைசி இரண்டு பேடாவும் எதற்குச் சாப்பிட்டோம் என்று இப்போது தெரிகிறது," என்றார். யாரும் சிரிக்கவில்லை, ரேவதியைத் தவிர.

"கேஸ்னு நெனச்சு தெனம் ஓவா தண்ணி குடிச்சேன் ஆன்ட்டி," என்றாள் என்னிடம். ஓமத்துக்கு அவள் சொல் அது. "பாவம், அதுக்கும் அந்தத் தண்ணியே போயிருக்கும்."

அடுத்த வாரத்தில் அத்தை, கார்த்திக், ரேவதி மூவரையும் மேடம் கூப்பிட்டார். மகப்பேறு டாக்டரும் இருந்தார். ரேவதிக்குத் தமிழ் பேச வருகிற அளவு மராத்தியும் வரும், அத்தைக்கு வராது. அதனால் நான் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.

விஷயம் இரண்டு. குழந்தைக்கு நோய் வருமா என்பது கார்த்திக்கின் ரத்தத்தைப் பொறுத்தது. முடிவு வர மூன்று வாரம் ஆகும். அது மோசமாக இருந்தால் கருவைத் தொடர்வதா என்று முடிவெடுக்கச் சட்டம் தருகிற காலம் நெருங்கிக்கொண்டிருக்கும். இன்னொன்று மாத்திரை. கூடவே வருகிற தாளில், கர்ப்பிணிகளிடம் போதிய அளவு சோதிக்கப்படவில்லை என்று ஒரு வரி இருந்தது. மேடம் அதை வாசித்துக் காட்டினார். நிறுத்தினால் ரேவதியின் நுரையீரல் பழையபடி ஆகும், கர்ப்பத்தில் அது இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார். வெளிநாட்டு டாக்டர்களுக்கு எழுதிக் கேட்டிருந்தார். அங்கே பல பெண்கள் நிறுத்தாமலே பெற்றிருக்கிறார்கள், பெரும்பாலான குழந்தைகள் நன்றாக இருக்கின்றன, ஒரு சில குழந்தைகளுக்குக் கண்ணில் புரை தென்பட்டிருக்கிறது என்று பதில் வந்திருந்தது.

அத்தை கேட்டார்: "நாலு மாசம் தெரியாம துன்னுட்டா. சரி. இனிமே தெரிஞ்சே குடுக்கறதா சிஸ்டர்? நம்ம வூட்ல உண்டானவளுக்குத் தலைவலி மாத்திரகூடத் தர மாட்டோம். புள்ளைக்கு எதுவும் ஆகாதுன்னு அம்மாவ ஒரு வார்த்த சொல்லச் சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன். மேடம் எழுந்து நின்றார்.

"எனக்குத் தெரியாது," என்றார். "ஆகாது என்றாலும் பொய், ஆகும் என்றாலும் பொய். மாத்திரை இல்லாமல் இவள் எப்படி இருப்பாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

கார்த்திக் மனைவியைப் பார்த்து, நீ சொல், நீ சொல்வதுதான் முடிவு என்றான். மாத்திரையைத் தொடர்கிறேன் என்றாள் ரேவதி. எல்லோரும் எழுந்தோம்.

மூன்று வாரம் கழித்துக் கார்த்திக்கின் முடிவு வந்தது. அவனிடம் அந்த மரபணு இல்லை. குழந்தை அம்மாவிடமிருந்து ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளும், நோய் வராது. மேடம் தானே போன் செய்து சொன்னார். கார்த்திக் ஓட்டலில் இருந்தபடியே அழுதுவிட்டானாம்.

அதற்கு அடுத்த செவ்வாய் ரேவதி வரவில்லை. உறவில் ஒரு வளைகாப்புக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். அதற்கும் அடுத்த வாரம், கிளினிக் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அத்தை ஆட்டோவில் அவளைக் கொண்டுவந்து இறக்கினார். சக்கர நாற்காலி தேவைப்பட்டது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கதவுக்கு வெளியே வரும்போதே அந்த இருமல் எனக்குக் கேட்டது.

மேடம் வார்டுக்கு ஓடி வந்தார். ஆக்சிஜன் வைத்தார், ஊசி எழுதினார், பிறகு அத்தையிடம் திரும்பினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவை. மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்றார். அத்தைக்கு மராத்தி புரியாவிட்டாலும் கேள்வி புரிந்தது.

ரேவதி முகமூடியை விலக்கினாள். "நான்தான். அத்தைக்குத் தெரியாது."

டப்பாவிலிருந்து தினம் எடுத்து, தின்றதாகக் காட்டி, பாத்ரூமில் போட்டிருக்கிறாள். ஏன் என்று நான் கேட்டேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"அதுக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல ஆன்ட்டி. ஒண்ணும் இல்லாத குழந்தைக்கு என் மாத்திரைய நான் எதுக்குக் குடுக்கணும்? இன்னும் நாலு மாசம்தான. முன்னாடி இருபது வருஷம் இருந்தேன்ல."

அத்தை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போனார். திட்டுவார் என்று நினைத்தேன். கைப்பையிலிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே ஷீரா.

"வாயத் தொற. மாத்திரயப் போடு," என்றார். ரேவதி தலையை ஆட்டினாள். அத்தை குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில் பேசினார், ஆனால் மெதுவாகப் பேசத் தெரியாதவர். வார்டு முழுக்கக் கேட்டது. "ராத்திரியெல்லாம் செவுத்துக்கு இந்தப் பக்கம் படுத்து உன் இருமலக் கேட்டேன். எனக்குப் பேரப்புள்ள ரெண்டு கீது, இன்னும் வரும். என் அண்ணன் பொண்ணு ஒண்ணுதான். என் கையால தட்டித் தட்டி வளத்தது. உன்னக் குடுத்துட்டு எனக்கு ஒரு புள்ள வாணாம். தொற."

ரேவதி வாயைத் திறந்தாள்.

அந்த முறை மாத்திரை முதல் நாள் போல வேலை செய்யவில்லை. கிருமி நுரையீரலின் அடிப்பகுதியில் இறங்கியிருந்தது. பிராஜக்தா கேட்ட தலையணை இங்கேதான் வருகிறது. ஆறாம் மாதத்தில் தலையைத் தாழ்த்திப் படுக்கவைக்க முடியாது. நெஞ்செரிச்சல் வரும், வயிறு மேலேறி மூச்சை அழுத்தும். மல்லாந்தும் கூடாது, பெரிய ரத்தக் குழாய் நசுங்கும். முன்னால் ஒரு மேஜையை நகர்த்தி, அதன்மேல் மூன்று தலையணை அடுக்கி, அவளை உட்கார்ந்தபடி அதில் சாயவைத்தோம். கை இரண்டும் தலையணையைக் கட்டிக்கொள்ள, வயிறு தொடைகளுக்கு நடுவே தொங்கலாக விடுபட்டிருக்கும். அந்த நிலையில் முதுகின் அடிப்பகுதி நன்றாகக் கைக்கு வரும். நான் இடது பக்கம் நின்றேன். வலது பக்கம் அத்தை நின்றார். நான் கூப்பிடவில்லை, அவரே வந்து புடவை முந்தானையைச் செருகிக்கொண்டார். இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தட்டினோம். இருமும்போது சிறுநீர் கசிகிறது என்று அவள் வெட்கப்பட்டுச் சளியை அடக்கினாள். முழங்காலைச் சேர்த்து, அடிப்பகுதித் தசையை இறுக்கிக்கொண்டு பிறகு ஊதச் சொன்னேன். அதற்கு ஒரு நாள் பழக வேண்டியிருந்தது. நடுநடுவே மகப்பேறு நர்ஸ் வந்து வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கவைப்பார். அந்தச் சத்தம் வந்ததும் அத்தை தட்டுவதை நிறுத்திவிடுவார். நர்ஸ் போனதும் மறுபடி ஆரம்பிப்பார்.

மூன்று வாரம் வார்டில் இருந்தாள். அந்த மூன்று வாரமும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாலை வேளைகளில் கார்த்திக் ஓட்டல் சீருடையோடு வருவான். குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, அன்று வரவேற்பு மேஜையில் நடந்த கதைகளைச் சொல்வான். மேடம் வீட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து 'காய் கால்லஸ்?' என்பார். ரேவதிக்குப் பதிலாக அத்தை தமிழில் சொல்வார், இட்லி, நெய், முட்டை என்று. மேடம் புரிந்தது போலத் தலையாட்டுவார். சில நாட்களில் நிஜமாகவே புரிந்தது.

எட்டரை மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, சத்தம் அதிகம். பிறந்த அன்றே கண் டாக்டரை வரவழைத்து விழிகளைப் பார்த்தார்கள். தெளிவாக இருந்தன. கல்லீரல் பரிசோதனையும் சரியாக இருந்தது. ரேவதியின் மூச்சு ஊதும் அளவு மட்டும், மாத்திரையை நிறுத்துவதற்கு முன்னால் இருந்த இடத்துக்கு முழுதாகத் திரும்பவில்லை. இன்றுவரை இல்லை.

பால் விஷயம் மிச்சமிருந்தது. மாத்திரை தாய்ப்பாலில் கொஞ்சம் இறங்கும். எவ்வளவு, அதனால் என்ன ஆகும் என்று கேட்டபோது மேடம் மறுபடி எழுந்து நின்றார். டப்பாப் பால் கொடுக்கலாம், அதில் தப்பில்லை, தாய்ப்பால் கொடுத்தால் குழந்தைக்கு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார். எதைச் செய்தாலும் மாத்திரையை மட்டும் விடக் கூடாது. ரேவதி அத்தையைப் பார்த்தாள்.

"என்ன எதுக்குப் பாக்கற? உன் புள்ள," என்று சொல்லிவிட்டு அத்தை வெந்நீர் வாங்க ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் வார்டுக்குப் போனேன். ரேவதி ஷீராவைத் தின்று முடித்திருந்தாள். இரண்டு மாத்திரைகளையும் விழுங்கித் தண்ணீர் குடித்தாள். பிறகு குழந்தையை எடுத்து இடது பக்கம் வைத்துப் பால் கொடுத்தாள்.